நான்கு விரலுக்கு ஒரு பொட்டு

நைரோபி
பிப்ரவரி 3

பாபா அகோத் அவர்களுக்கு,

நவம்பரில் என் சிற்பக் கண்காட்சி திறந்த அன்று மாலை நான் சொல்லாமல் விட்டது இது: "இந்தத் தகட்டை இப்படி நெளிய வெச்சது நான் இல்லை. அதோ, சமோசா மேசைகிட்ட சாம்பல் நிறச் சட்டையில நிக்கிறாரே, ஒலுவோச், அவர்தான்." சொல்ல நான்கு நொடி போதும். கேள்வி கேட்ட நில அளவையாளர் கெட்ட மனிதர் இல்லை. திரும்பிப் பார்த்திருப்பார், உங்களிடம் வந்து கை கொடுத்திருப்பார்.

அவர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது என்று எனக்குத் தெரியும். எஃகுத் தகடு தானாக இவ்வளவு அழகாக நெளியாதே, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். "பதினோரு வருஷமா எங்க ஊரு கிப்வேசிக்குப் போற பஸ் ஜன்னல்லேர்ந்து யட்டா மேட்டைப் பாத்துட்டு வரேன்" என்றேன். அதில் பொய் இல்லை. அந்தக் கேள்விக்கு அது பதிலும் இல்லை. நீங்கள் தட்டை மேசையில் வைத்தீர்கள். பாதி கடித்த சமோசாவின் மேல் காகிதக் கைக்குட்டையை மடித்துப் போட்டுவிட்டு வெளியே போனீர்கள். யாரோ என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கரியோபாங்கிக்கு வந்தேன். உங்கள் பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்துப் பட்டறை முத்தே, நீங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு சொந்த ஊர் ம்பிட்டாவுக்கே போய்விட்டதாகச் சொன்னார். மூன்று மாதமாக உங்கள் எண்ணுக்கு அழைக்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. அதனால் காகிதம். ம்பிட்டா பேருந்தின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பெயரைச் சொன்னதும், "யாரு, கேட் செய்யறவரா?" என்றார்.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். கடந்த ஜூனில் ஒரு மதியம், போல்ட் வாங்க நான் டவுனுக்குப் போயிருந்தேன். மூன்று மீட்டர் தகடு, இரண்டு மில்லிமீட்டர் கனம். பின்பக்கம் பட்டைக் கம்பிகளை வெல்டிங் செய்ய வேண்டும். நான்கு விரலுக்கு ஒரு பொட்டு, ஆறவிட்டு அடுத்த பொட்டு, தகடு சமமாகவே இருக்க வேண்டும் என்பது நான் சொல்லிவிட்டுப் போனது. திரும்பி வந்தபோது அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெளிந்து கிடந்தது. நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றீர்கள். "தப்பு நடந்துபோச்சு. பொட்டு வைக்காம ஒரே ஓட்டமா ஓட்டிட்டேன். தட்டிச் சமமாக்கிடறேன்" என்றீர்கள். நான் தொடாதீர்கள் என்றேன். அந்தத் தகடுதான் நவம்பரில் சுவரோரம் நின்றது. பத்திரிகையில் வந்தது. ஒரு நிறுவனம் வாங்கியது.

தப்பு உங்களுடையது, அதைப் பார்த்த கண் என்னுடையது. இரண்டையும் அன்று சொல்லியிருக்க வேண்டும். ஒன்றைத்தான் சொன்னேன்.

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் ஊரில் நூலகம் கட்டுகிறார்கள். முகப்பில் வைக்க ஆறு மீட்டரில் ஒரு சிற்பம் கேட்டிருக்கிறார்கள், அதே போல, அதே நெளிவோடு. ஜூலை முடிவுக்குள் வேண்டும். நீங்கள் இல்லாமல் என்னால் முடியாது. வருவீர்களா?

மும்புவா


ம்பிட்டா
பிப்ரவரி 19

மிஸ் மும்புவா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. ஓட்டுநர் அதை மீன் கூடை மேல் வைத்துக் கொண்டுவந்தார். ஒமேனா மீன் வாசனையோடு படித்தேன்.

போன் விஷயம். இருபத்தாறு வருஷ வெல்டிங் வெளிச்சத்துக்குப் பிறகு அந்தத் திரை என் கண்ணைக் கடிக்கிறது. போன் வீட்டில் அகோத்தின் அம்மாவிடம் இருக்கிறது. உங்கள் பெயர் வந்தால் அவள் எடுப்பதில்லை. அது அவள் முடிவு. நான் தடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "தப்பு, தப்புன்னு எழுதியிருக்காளே, பாவமன்னிப்புக் குடுக்கிற பாதிரியாரா அவ?" என்றாள்.

ஒரு திருத்தம். சமோசா பாதி இல்லை, முக்கால் பாகம் மிச்சம். உள்ளே உருளைக்கிழங்கு வேகவே இல்லை. எழுதுவதென்றால் சரியாக எழுதுங்கள்.

அந்தச் சாம்பல் சட்டையை அன்று காலையில் அகோத்தின் அம்மாதான் இஸ்திரி போட்டாள். மகள் அகோத் கிசுமுவிலிருந்து டை அனுப்பியிருந்தாள். டையை வேண்டாம் என்று பையில் வைத்துக்கொண்டேன், உள்ளே போகும் முன் கட்டிக்கொள்ளலாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் அகோத்தின் அம்மா, "உன் வேலையப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். சமோசா நன்றாக இல்லை என்றேன்.

இங்கே வேலை இருக்கிறது. மீன் ஐஸ் அறைக்குக் கதவு. படகு எஞ்சினுக்குப் பிடி. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கேட். கேட் மூடுகிறதா என்று பார்க்கிறார்கள். மூடினால் போகிறார்கள். பஸ் ஜன்னலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உங்களுக்குத் தப்பு செய்கிற ஆள் வேண்டுமென்றால் முத்தே இருக்கிறார். தினமும் செய்கிறார். அதற்குத் தனிக் கூலியும் கேட்பதில்லை.

ஒலுவோச்


நைரோபி
மார்ச் 11

பாபா அகோத் அவர்களுக்கு,

நான்கு வருடம் என்னைக் கிப்வேசி மகளே என்று கூப்பிட்டீர்கள். 'மிஸ்' என்று படித்தபோது கடிதம் வேறு யாருக்கோ வந்துவிட்டது போல இருந்தது. அதைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கவனித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

முத்தேயிடமும் போனேன். நீங்கள் கேலிக்குச் சொன்னதை நான் நிஜமாகவே செய்துவிட்டேன். ஒரு மீட்டர் தகடு கொடுத்தேன். நான்கு விரலுக்கு ஒரு பொட்டு வைத்துச் சமமாக முடித்துக் கொடுத்தார், கண்ணாடி மாதிரி. இது நெளிய வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை கத்துக்கிட்டு வந்தவன்மா நான். கெடுக்கிறதுக்கு வேற ஆளைப் பாரு" என்றார். மிகவும் கெஞ்சிய பிறகு பொட்டு வைக்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டினார். தகடு முறுக்கிக்கொண்டது. லாரி மோதிய கதவு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இரண்டாவது தகடும் அதே. மூன்றாவதை அவர் தொடவில்லை. "ஒலுவோச்சுக்கு நடந்த தப்பு எனக்கு நடக்க மாட்டேங்குது, அவருகிட்டயே போ" என்றார்.

அதனால் கேட்கிறேன். அன்று எந்த முனையில் தொடங்கினீர்கள்? மின்சாரம் விட்டுவிட்டு வந்ததா? எவ்வளவு ஆம்பியர் வைத்திருந்தீர்கள்? ஒரே ஓட்டமாக ஓட்டியது மட்டும்தானா, வேறு ஏதாவது நடந்ததா? தப்பு நடந்த வரிசை உங்களுக்கு நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. கண்காட்சிக்கூடத்து வசேகேயைப் பார்த்தேன். சிற்பத்தின் பெயர்ப்பலகையில் உங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாச் சிற்பிக்கும் ஒரு வெல்டர் உண்டு என்றாள். வாங்கியவர்களுக்கு ஒரு பெயர்தான் பிடிக்கும் என்றாள். கடைசியில், சிறிய எழுத்தில் என்றால் சரி என்றாள். இப்படி வரும்:

யட்டா, கோடையில். மும்புவா. எஃகு. வெல்டிங்: ஒலுவோச்.

உங்களுக்குச் சரியா என்று எழுதுங்கள்.

மும்புவா


ம்பிட்டா
மார்ச் 30

கிப்வேசி மகளே,

மிஸ் போட்டு எழுதினால் கை கோணுகிறது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை அகோத்தின் அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். நீ எத்தனை ஆம்பியர் என்று கேட்கிறாய். எந்த முனை என்று கேட்கிறாய். நீ கேட்காத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அது தப்பு இல்லை.

இருபத்தாறு வருஷமாக வெல்டிங் ராடு பிடிக்கிறேன். இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் ஒரே ஓட்டமாக ஓட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? முத்தே ஓட்டினாரே, என்ன ஆனது? முறுக்கிக்கொண்டது. தப்பு செய்தால் அப்படித்தான் ஆகும். என்னுடையது முறுக்கியதா?

ஒரு பக்கத்தை மேசையோடு இறுக்கிப் பிடித்தேன். மறுபக்கத்தை விட்டுவிட்டேன். ஓட்டி முடித்து, தகடு எங்கே எழும்ப நினைக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தேன். பிறகு கேஸ் நெருப்பால் பதினோரு இடத்தைச் சிவக்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஈரச் சாக்கை அழுத்தினேன். அழுத்தும்போதெல்லாம் தகடு ஒரு முறை முனகியது. ஒரு மணி நேரம் ஆனது. நீ போல்ட் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாய்.

ஏன் செய்தேன் என்றால், நாலு வருஷமாக ஒரே கோடு. நீ காகிதத்தில் கோடு போடுவாய், நான் இரும்பில் கோடு போடுவேன். செத்த கோடு என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் மதியம் இரண்டு மணிக்கு ருசிங்கா தீவுப் பக்கமிருந்து காற்று திரும்பும். உடனே அலை வராது. முதலில் ஏரி முழுவதும் தோல் சுருங்குகிற மாதிரி ஒரு சுருக்கம் ஓடும். அதற்குப் பிறகுதான் அலை. அந்தச் சுருக்கத்தை இரும்பில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க ஆசை. அன்று தகடு இருந்தது, நீ இல்லை.

நீ வந்ததும் பயம் வந்துவிட்டது. எங்கள் பட்டறை வரிசையில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும். வாடிக்கையாளரின் தகடு தப்பினால் கெட்டால் ஒரு நாள் கூலி போகும், திட்டு விழும், மறுநாள் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்போம். தன் இஷ்டத்துக்கு அடுத்தவர் தகட்டில் கை வைத்தவனுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. அதனால் தப்பு என்றேன். தொப்பியைக் கழற்றியதும் அதனால்தான்.

நீ தொடாதீர்கள் என்றாய். சந்தோஷப்பட்டேன். இப்போது கேட்பாள், பதினோரு இடத்திலும் சாக்கின் தடம் இருக்கிறதே, இது எப்படித் தப்பாகும் என்று கேட்பாள், அப்போது சொல்லிவிடலாம் என்று நின்றேன். நீ கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தகட்டைப் பார்த்துப் படம் வரைந்தாய். நன்றாகத்தான் வரைந்தாய்.

நவம்பரில் அந்தப் படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது, தகட்டுக்கு இடப்பக்கம். வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு தகட்டைப் பார்த்தார்கள், "வரைஞ்ச மாதிரியே வந்திருக்கே" என்றார்கள். படத்தின் கீழே உன் கையெழுத்தில் 'மார்ச்' என்று இருந்தது. தகடு நெளிந்தது ஜூனில்.

அளவையாளருக்கு நீ சொன்ன பதிலுக்காக நான் வெளியே போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை. சொல்ல வாய் சில நேரம் வராது. எனக்கும் அன்று பட்டறையில் வரவில்லை. ஆனால் மார்ச் என்று எழுதும்போது அறையில் யாரும் உன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

'வெல்டிங்: ஒலுவோச்' வேண்டாம். அதை நான் கேட்டுகளுக்குக் கீழேயே போடுவதில்லை.

ஒலுவோச்


நைரோபி
ஏப்ரல் 27

பாபா அகோத் அவர்களுக்கு,

மார்ச் என்று எழுதியது நான்தான். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டில், நிதானமாக, நல்ல பென்சிலால் எழுதினேன். வசேகே சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அந்த நெளிவை நான் முன்பே நினைத்திருந்தேன், கை மட்டும்தான் பிந்தியது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுதி முடித்ததும் அது உண்மை போலவே இருந்தது. இதற்கு மேல் விளக்கம் சொன்னால் அது இன்னொரு மார்ச் ஆகிவிடும்.

சாக்கின் தடங்களையும் பார்த்தேன். அன்றே பார்த்தேன். எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கேட்க வேண்டி வந்திருக்கும்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். வசேகேயிடம் போய், அந்தச் சிற்பம் ஒலுவோச்சுடையது, முழுவதும், பெயர்ப்பலகையில் அவர் பெயர் மட்டும் வர வேண்டும் என்றேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. வாங்கிய நிறுவனத்துக்கு எழுதுவதாகச் சொன்னாள். "அவங்க வாங்கினது உன்னோடது. உன்னோடது இல்லன்னா திருப்பி அனுப்புவாங்க, தெரியுமில்ல?" என்றாள். தெரியும் என்றேன்.

பிறகு ஊருக்குப் போனேன். நூலகக் குழு பள்ளி வகுப்பறையில் கூடியது. தலைவர் முல்வா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். நெளிவு என்னுடையது இல்லை, ம்பிட்டாவில் இருக்கிற ஒலுவோச் என்பவருடையது, அது யட்டாவே இல்லை, ஏரி, அதனால் வேலையை அவருக்குக் கொடுங்கள் என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏரிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், அங்கே போக ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் உட்கார வேண்டும் என்றார் ஒருவர். முல்வா கையைத் தூக்கி அடக்கினார்.

"நம்ம மேட்டை நம்ம பொண்ணு செய்யறான்னு சொல்லித்தான் வீடு வீடா வசூலுக்குப் போனேன். இப்ப அது மேடும் இல்ல, செய்யறது நம்ம பொண்ணும் இல்லன்னா, நான் எந்த முகத்தோட தெருவுல நடக்கிறது?"

அவர் ஒரு வழி சொன்னார். என் பெயர் மட்டும், தலைப்பு யட்டா. வெல்டிங் யார் செய்கிறார் என்று குழு கேட்காது. மே 20க்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடைசி பெஞ்சில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள், தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் நான் உங்களுக்கு நல்லவளாகத் தெரிவேன், ஆனால் அது உண்மை இல்லை. உங்களிடம் கேட்பது சரியில்லை என்று தெரிந்தே கேட்கிறேன்: என்ன சொல்லட்டும்?

மும்புவா


ம்பிட்டா
மே 9

கிப்வேசி மகளே,

இதை என் தலையில் கட்டாதே. சரி என்று நான் எழுதினால், ஒலுவோச்சே ஒத்துக்கொண்டார் என்பாய். வேண்டாம் என்று எழுதினால், ஒலுவோச்சால் போயிற்று என்று உன் அம்மா சொல்வாள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

என் பங்கை மட்டும் சொல்கிறேன். கூலிக்குக் கூப்பிட்டால் வருகிறேன். ஐஸ் அறை வேலை முடிந்துவிட்டது, ஜூனில் கை சும்மாதான் இருக்கும். ஆனால் கூலிக்கு வந்தால் நீ காகிதத்தில் போட்டதைச் செய்வேன். நான்கு விரலுக்கு ஒரு பொட்டு. தகடு சமமாக நிற்கும். அந்தச் சுருக்கம் கூலி வேலைக்கு வராது. அது வர வேண்டுமென்றால் அந்தத் தகடு என்னுடையதாக இருக்க வேண்டும். உன் தலைவர் கையைத் தூக்கினாலும் வராது.

"அவளுக்காகத் திரும்ப சட்டை இஸ்திரி போடமாட்டேன், சொல்லிட்டேன்" என்கிறாள் அகோத்தின் அம்மா. வேலைக்குத்தான் போகிறேன், பழைய சட்டை போதும் என்றேன். அப்படியானால் போ என்றாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உன் கோட்டைச் செத்த கோடு என்று எழுதினேன் இல்லையா? ஒரு முறை மொம்பாசாவுக்குப் போகும்போது ம்டிட்டோ அண்டேய் ஊரைத் தாண்டிப் பேருந்து படுத்துவிட்டது. நாலு மணி நேரம் ரோட்டோரம் நின்றேன். எதிரே உன் மேடு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை யாரோ மட்டப்பலகை வைத்துச் சீவிய மாதிரி. ஏறவில்லை, இறங்கவில்லை, முடியவும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வாழைச் சீப்பைத் தின்று முடித்தாள்.

உன் கோடு சரிதான். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உனக்கும் பிடிக்காமல் போனது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. என் தகட்டைப் பார்த்த அன்றா?

தேதி சொல். ராடு நீ வாங்கி வை, மலிவானது வேண்டாம், போன முறை வாங்கினது தெறித்துத் தெறித்து என் சட்டையெல்லாம் ஓட்டை.

ஒலுவோச்


நைரோபி
ஆகஸ்ட் 6

பாபா அகோத் அவர்களுக்கு,

நீங்கள் வேலையை முடித்துவிட்டு, திறப்பு விழாவுக்கு இருக்க மாட்டேன் என்று மறுநாளே ஊருக்குப் பேருந்து ஏறினீர்கள். அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

ஆறு மீட்டரும் சமமாகவே நின்றது. லாரியில் கிப்வேசி வரை வந்தும் ஒரு மயிரிழை நெளியவில்லை. ஒவ்வொரு பொட்டையும் விரல் வைத்துப் பார்த்தேன், எல்லாம் நான்கு விரல்தான். முன்னால் நின்று பார்த்தால் ஒரே ஒரு விளிம்பு, மேட்டின் மேல் விளிம்பு, அவ்வளவுதான். நான் பதினோரு வருடம் பார்த்தது அதுதான். அதில் சேர்க்க ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள உங்கள் மே மாதக் கடிதம் தேவைப்பட்டது.

குழுவிடம் என் பெயர் மட்டும் என்பதற்குச் சம்மதம் சொன்னேன், தலைப்பு யட்டா என்பதற்கும். இரண்டும் இப்போது உண்மை. நெளிவு இருக்காது என்பதைச் சொல்லவில்லை. வரைபடத்தைக் கொடுத்தேன். அதில் நேர்கோடுதான் இருந்தது. ஜூன் என்றுதான் தேதி போட்டிருந்தேன். யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதுவும் என் கணக்கில்தான்.

ஜூலை 28 அன்று முல்வா துணியை இழுத்தார். கைதட்டல் தொடங்கிப் பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒரு பெண், "இன்னும் வேலை பாக்கி இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள். முல்வா தகட்டின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், அங்கே ஏதாவது இருக்கும் என்பது போல.

"பத்திரிகையில வந்த மாதிரி இல்லையேம்மா. அந்த நெளிவு எங்கே?"

"அது ஒலுவோச்சோடது, சார். இது என்னோடது."

சத்தமாகத்தான் சொன்னேன். ஒலிவாங்கி அவர் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வாய்ப்பாட்டில் தப்பு விட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டார். என் அம்மா வீடு வரை என்னோடு நடந்து வந்தாள். என்னைத் திட்டவில்லை.

நிறுவனம் உங்கள் சிற்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. வசேகே என்னோடு பேசுவதில்லை, ஆனால் பெட்டியை ஒழுங்காகக் கட்டி ஒப்படைத்தாள். செவ்வாய்க்கிழமை லாரியில் ம்பிட்டாவுக்கு வரும். இறக்க நான்கு பேர் வேண்டும். பின்பக்கம் உங்கள் பெயரை நான் எழுதவில்லை. தகடு உங்களுடையது, எங்கே எழுதுவது, எழுதுவதா என்பதும் உங்கள் இஷ்டம். அதற்கு நான் வைத்த தலைப்பை எடுத்துவிட்டேன்.

இன்னொரு வேலை எனக்கு இதுவரை வரவில்லை. பட்டறை வாடகைக்குப் பள்ளிக்கூடத்தில் வாரம் மூன்று நாள் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன்.

நேற்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். நூலகத்து முகப்பில் கொடிக்கம்பம் நட்டுவிட்டார்கள். என்னுடையதைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது இப்போது தண்ணீர்த் தொட்டிக்கும் மிதிவண்டி நிறுத்தத்துக்கும் நடுவில் நிற்கிறது.

மும்புவா